படகுகள் திரும்பிய திசை

நூற்றுப் பதினைந்து பேரைத் தொலைத்துவிட்டு அமெரிக்காக்காரர்கள் நானூறு வருடங்களுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரே புயலில் பதினேழு பேரைத் தொலைத்தோம். பன்னிரண்டாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இந்த வித்தியாசம் எனக்கு எப்போதுமே எரிச்சலைத் தந்தது. ஆனாலும் அந்த நூற்றுப் பதினைந்து பேரைத் தேடும் வேலையில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

என் பெயர் டெல்பின். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். அந்தப் பதினேழு பேரில் ஒருவன் என் அண்ணன் கிளீட்டஸ். ஏழு வருடத்துக்கு முன்னால் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன விசைப்படகை ஓட்டிக்கொண்டு போனவன் அவன்தான். உடல் கிடைக்கவில்லை. படகின் பலகைகூட ஒதுங்கவில்லை. இறந்தவர்களுக்கான பூசையில் அவன் பெயரைச் சேர்க்க அம்மா விடவில்லை. "எனக்க மவன் செத்தத யாரு கண்டா? கண்டவன வரச்சொல்லுங்க சாமி" என்று பங்குச்சாமியாரிடமே சண்டைக்குப் போனாள். அவரும் பாவம், என்ன சொல்வார்.

நான் ஒளியியல் படித்தவள். மங்கலான படத்தைப் பிரித்து, அதில் இருப்பது பாறையா ஆளா என்று சொல்வது என் தொழில். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு ஆராய்ச்சிக் கூடம் ஆள் தேடியபோது போனேன். அங்கே அவர்களிடம் ஒரு இயந்திரம் இருந்தது. பெரிய பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். நாங்கள் சன்னல் என்போம். அது எங்கே நிற்கிறதோ அந்த இடத்தின் பழைய நாள் ஒன்றை அதன் வழியே பார்க்கலாம். தேதியும் நேரமும் கொடுத்தால் போதும். சத்தம் கேட்காது. படம் சாம்பல் நிறத்தில் வரும். ஒரு முறைக்குப் பதினோரு நிமிடம், பிறகு இரண்டு நாள் அது ஓய்வெடுக்க வேண்டும். வெயில் ஏறிய பொழுதைப் பார்த்தால் எல்லாம் வெளுத்துப்போகும் என்பதால், விடிவதற்கு முந்தைய மங்கல் நேரத்தைத்தான் எப்போதும் பார்ப்போம்.

வேலையில் சேரும்போது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். இந்தத் திட்டம் முடிந்ததும் இயந்திரத்தை எங்கள் கடலுக்குக் கொண்டுவந்து, என் அண்ணனின் கடைசி நாளை ஒரு தடவை பார்க்க வேண்டும். திட்டத்தின் தலைவி மெரடித் யோசிக்கவே இல்லை. "இந்தியப் பெருங்கடலில் முதல் பார்வை உன்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். அண்ணன் கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசிய தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் நான் அன்றே எழுதிக்கொடுத்தேன். மெரடித் நல்லவள். அதுதான் தொல்லையே. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டு வந்த திருப்தியாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.

அந்த நூற்றுப் பதினைந்து பேரின் கதை அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1587இல் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக இங்கிலாந்திலிருந்து வந்து ரோனோக் என்ற தீவில் குடியேறினார்கள். கையிருப்பு போதவில்லை. அவர்களின் கவர்னர் சாமான்கள் கொண்டுவர ஊருக்குக் கப்பலேறினார். நடுவில் போர் வந்து கப்பல் கிடைக்காமல் மூன்று வருடம் கழித்துத்தான் அவரால் திரும்ப முடிந்தது. வந்து பார்த்தால் குடியிருப்பு காலி. வீடுகளைப் பக்குவமாகப் பிரித்து எடுத்திருந்தார்கள். எலும்பில்லை, சண்டை நடந்த அடையாளமில்லை. ஒரு கம்பத்தில் 'குரோட்டோவான்' என்று செதுக்கியிருந்தது. தெற்கே எண்பது கிலோமீட்டர் தள்ளி, இவர்களோடு சிநேகமாக இருந்த பழங்குடி மக்களின் தீவு அது. இடம் மாறினால் போகிற ஊரின் பெயரைச் செதுக்க வேண்டும், ஆபத்தில் போனால் ஒரு சிலுவையும் சேர்த்துச் செதுக்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். சிலுவை இல்லை. கவர்னர் அந்தத் தீவுக்குப் போவதற்குள் கடல் கொந்தளித்து அவருடைய கப்பலை விரட்டிவிட்டது. அதன் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ரோனோக் தீவில் இப்போது வீடுகளும் விடுதிகளும் நிறைந்திருக்கின்றன. அதனால் தீவை ஒட்டிய காயலில் ஒரு மிதவையை நிறுத்தி, அதன் மேல் சன்னலை வைத்தோம். அங்கிருந்து பழைய கரையும் வேலியும் வீடுகளும் நன்றாகத் தெரிந்தன. எங்களுக்கு மணி காலை பத்து, அவர்களுக்கு விடியற்காலை. கையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து நாங்கள் அவர்களைப் பார்த்தோம்.

இயந்திரத்தை இயக்கியவர் பார்த்திபன் சார். செங்கல்பட்டுக்காரர், ஐம்பத்தைந்து வயது, இயற்பியலில் புலி. கடல் என்றால் மட்டும் பயம். மிதவை கொஞ்சம் ஆடினாலும் கம்பியைப் பிடித்துக்கொள்வார். "உனக்கென்னம்மா, நீ கடல்லயே பொறந்தவ" என்பார். மத்தியானம் தயிர்சாதத்தில் பாதியை எனக்கு எடுத்துவைப்பார். அவருக்கு வாழ்க்கையில் யாரும் தொலைந்துபோனதில்லை. அது அவருடைய அதிர்ஷ்டம், அதை நான் குறை சொல்லவில்லை.

முதல் நாளே கரையில் ஆட்கள் நின்றார்கள். அடுத்த பார்வையிலும் நின்றார்கள். நாங்கள் பார்த்த ஒவ்வொரு விடியலிலும் கிழவர்களும் பெண்களும் கரைக்கு வந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நாளில் எனக்கு எல்லோரும் பழகிவிட்டார்கள். ஒரு காலைச் சாய்த்து நடக்கும் தச்சனுக்கு ஆசாரி என்று பெயர் வைத்தேன். எந்நேரமும் இடுப்பில் குழந்தையோடு வருகிறவளுக்கு வேறு பெயர் தோன்றாமல் இடுப்புப்பிள்ளைக்காரி என்றே வைத்தேன். ஆசாரி ஒரு நாள் எங்கள் பக்கம் கை நீட்டி ஏதோ காட்டினான். அவள் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள்.

"பார், கப்பலுக்காக எப்படிக் காத்திருக்கிறார்கள்" என்று மெரடித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.  எங்கள் ஊரில் அந்தப் பன்னிரண்டு நாளும் பெண்கள் அப்படித்தான் நின்றார்கள்.

குளிர்காலம் வந்தது. அவர்கள் மெலிந்துகொண்டே போனார்கள். வேலிக்கு வெளியே மண்மேடுகள் கூடின.

"ஏம்மா இங்கயே கெடக்குறாங்க?" என்று பார்த்திபன் சார் ஆற்றாமையோடு கேட்டார். "தெற்க போனா சோறு போட ஜனம் இருக்கு. படகும் இருக்கு. கெளம்பிப் போக வேண்டியதுதானே?"

"கப்பல் வந்துரும்னு நம்புதாங்க சார்" என்றேன்.

"அந்த நம்பிக்கை எங்கேர்ந்து வருது? ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே?"

கேட்டுக்கொண்டே, அவர்களுடைய நாட்காட்டியில் வழக்கம்போல இரண்டு நாள் தள்ளி அடுத்த பார்வைக்குத் தேதி குறித்தார்.

வசந்தத்தில் ஒருவழியாகக் கிளம்பினார்கள். வீடுகளைப் பிரித்துப் பலகைகளைக் கட்டினார்கள். ஆசாரி கம்பத்தின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்குவதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். மிதவையின் கூடத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சிலுவை போடவில்லை. போடத் தேவையில்லை, யாரும் துரத்தவில்லை. பசித்தாலும் தெம்பாகவே இருந்தார்கள். நான்கு படகுகளில் ஏறினார்கள்.

இனி அவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்க்க வேண்டும். காயலுக்குள்ளேயே தெற்கே போனால் குரோட்டோவான் வரும். வழியில் ஒரு இடத்தில் காயல் கடலோடு சேரும். எங்கள் ஊர்ப் பக்கம் அதைப் பொழிமுகம் என்போம். அங்கே மணல்திட்டு இருக்கும், அதன் மேல் அலை உடைந்துகொண்டே இருக்கும். பழக்கமில்லாதவன் அதற்குள் போனால் திரும்பமாட்டான்.

மிதவையை எங்கே நிறுத்துவது என்று ஒரு வாரம் வரைபடங்களை வைத்துக்கொண்டு விவாதித்தார்கள். நான்தான் சொன்னேன். "பொழிக்கு உள்ள மணல் மாறிட்டே இருக்கும், மிதவை தரைதட்டிரும். அலைக்கு வெளியில போயி நிப்போம். அங்கேருந்து பாத்தா காயலும் தெரியும், கடலும் தெரியும். அவங்க எந்தப் பக்கம் போனாலும் நம்ம கண்ணுல படாமப் போக முடியாது."

"அடடா, கடல்காரி கடல்காரிதான்" என்றார் பார்த்திபன் சார். மெரடித் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

அன்று மஞ்சு மூடிய விடியல். படம் ஓடத் தொடங்கி நான்காம் நிமிடத்தில், காயலுக்குள் முதல் படகு தெரிந்தது. கரையை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே மற்ற மூன்றும் வந்தன. முதல் படகில் ஆசாரி நின்றான். தலையைத் திருப்பினான். எங்களை நோக்கிக் கை நீட்டினான்.

படகே எழுந்து நின்றது. வாயைத் திறந்து கத்தினார்கள், சிரித்தார்கள், தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். கூடத்தில் எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். "நம்மைத்தான் பார்க்கிறார்கள் போல இருக்கிறது!" என்று யாரோ பதிலுக்குக் கையாட்டினார்.

நான் துடுப்புக்காரனைப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கி, தாடையை உயர்த்தி, எதையோ குறிவைத்துத் துடுப்பைத் திருப்பினான். தூரத்து விளக்கைப் பார்த்துப் படகைக் கொண்டுபோகிறவனின் முகம் அது. அந்த முகத்தை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். என் அப்பாவிடமும் அண்ணனிடமும் பார்த்திருக்கிறேன்.

தெற்கே போன படகு கிழக்கே திரும்பியது. பொழிமுகத்துக்குள் நுழைந்தது. உடையும் அலை அதைத் தூக்கிப் புரட்டியது. இரண்டாம் படகும் மூன்றாம் படகும் வந்த வேகத்தில் நிற்க முடியாமல் உள்ளே போயின. நான்காவது படகு மட்டும் பின்தங்கியிருந்தது. அதில்தான் இடுப்புப்பிள்ளைக்காரி இருந்தாள். அவர்கள் துடுப்பை நிறுத்தினார்கள். தெற்கே திரும்பினார்கள். பதினோரு நிமிடம் முடிந்து திரை கறுத்தது.

 நான் பார்த்திபன் சாரிடம் போனேன்.

"சார், நம்ம சன்னல் அந்தப் பக்கத்துலேருந்து பாத்தா எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா."

"ஒண்ணுமே தெரியாதா?"

"துளி வெளிச்சம் கசியும். வெளிச்சம் இந்தப் பக்கம் வரணும்னா அந்தப் பக்கமும் கொஞ்சம் போகத்தான் செய்யும். அளந்து பாத்துருக்கோம். ரொம்ப ரொம்பக் கம்மி. மின்மினியவிடக் கொஞ்சம் கூட, அவ்ளோதான்."

"கரண்டு விளக்கையே பாக்காத ஊர்ல? விடியாத இருட்டுல? ஒரு வருசமா ராவும் பகலும் கப்பல் விளக்க மட்டும் தேடுற கண்ணுக்கு?"

அவர் அளவுகள் குறித்த ஏட்டைப் புரட்டத் தொடங்கினார்.

"நாம பாத்த நாளெல்லாம் அவங்க கரையில நின்னாங்க சார். நாம பாக்காத நாள்ல நின்னாங்களா? நமக்குத் தெரியுமா? குளிர்காலம் முச்சூடும் பட்டினியா ஏன் கெடந்தாங்கன்னு கேட்டீங்களே. ரெண்டு நாளைக்கு ஒருக்க தண்ணி மேல ஒரு வெளிச்சம் வந்து வந்து போனா, கப்பல் வெளியில நிக்குது, இந்தா வந்துரும்னு நெனைக்கமாட்டாங்களா? பெரிய கப்பல் எங்க நங்கூரம் போடுமோ அங்கயே கொண்டுபோயி இன்னைக்கு நம்ம வெளிச்சத்த நிறுத்தியிருக்கோம். அந்த இடத்தக் காட்டுனவ நான்."

"டெல்பின், நீ உணர்ச்சிவசப்படுற. கணக்குப்படி அந்த தூரத்துக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. அப்படியே இருந்தாலும் நடந்தத யாரும் மாத்த முடியாது. நாம பாத்ததும் நடந்ததுலயே சேந்தாச்சு."

"பாத்தது சேந்தாச்சு. பாக்காதது இன்னும் நம்ம கையிலதான இருக்கு? நாலாவது படக அடுத்த பதினோரு நிமிசம் பாக்காம விட்டுருவோம் சார். அவங்க போயிச் சேரட்டும்."

மெரடித் பொறுமையாகக் கேட்டாள். என் தோளில் கை வைத்தாள். "நான்காவது படகு பிழைத்ததா என்று தெரியாமல் எப்படி விடுவது? அந்தக் குழந்தை என்ன ஆனது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள். தெரிய வேண்டும்தான். என்னைவிட யாருக்குத் தெரிய வேண்டும்? காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சன்னலைத் திறந்தார்கள். நான் மேல்தளத்தில் போய் நின்றுகொண்டேன். பதிவைப் பிறகு பார்த்தேன். முதல் மூன்று நிமிடம் நான்காவது படகு உயிரைப் பிடித்துக்கொண்டு தெற்கே துடுப்புப் போட்டது. பொழியைத் தாண்டிவிட்டது. இனி பயமில்லை என்ற இடத்தில் இடுப்புப்பிள்ளைக்காரி தலையைத் திருப்பிப் பார்த்தாள். துடுப்புக்காரனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் வேண்டாமென்று தலையாட்டினான். அவள் விடவில்லை. படகு மெல்லத் திரும்பி, மற்ற மூன்றும் போன அலைக்குள்ளேயே வந்தது.

"தண்ணில விழுந்தவங்களக் காப்பாத்த வந்திருக்காங்க" என்றார் பார்த்திபன் சார். அவர் அதை நம்பினார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்கள். நானூறு வருட மர்மம் தீர்ந்தது என்று உலகமெங்கும் செய்தி போனது. மெரடித்துக்கு விருது கிடைத்தது. கசிந்த வெளிச்சத்தைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த நான்கு பக்கத்தை யாரும் எதிர்க்கவும் இல்லை, எங்கேயும் சேர்க்கவும் இல்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று பார்த்திபன் சாரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். என் அண்ணனைப் பார்ப்பதாகச் சொன்ன அந்தப் பார்வை எனக்கு வேண்டாம், ரத்து செய்துவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். அவன் எப்படிப் போனான் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவனுக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்லது என்று நினைத்தேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "சரிம்மா, நான் பாத்துக்கறேன். நீ போய் அம்மாகூட இரு" என்றார்.

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. நம்ம கடலில் அந்த இயந்திரம் வேலை செய்யாது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.  அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

நான்காவது மாதம், ஒரு மத்தியான வேளையில் பார்த்திபன் சார் வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் கால் சுட, விசாரித்து விசாரித்து வந்திருந்தார். கடல் பயத்தையும் மீறி மூன்று வாரம் மிதவையில் கிடந்தாராம். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. 

"ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்தேனே சார்."

"உன் கடிதம் என் மேசையிலயேதான் இருக்கும்மா. துக்கத்துல எழுதுனத எப்படி எடுத்துக்கறது? உனக்குக் குடுத்த வாக்கு. மெரடித்தும் நானும் பேசித்தான் முடிவு பண்ணோம்." அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, உங்க பையனப் பாத்துட்டோம்."

அம்மா உள்ளே போனாள். முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். பார்த்திபன் சார் பையிலிருந்து ஒரு சின்னத் திரையை எடுத்து அவள் மடியில் வைத்தார். நான் தடுத்திருக்க வேண்டும். ஏழு வருடம் காத்திருந்த முகத்துக்கு முன்னால் எனக்குக் கை எழவில்லை.

புயல் கொஞ்சம் அடங்கிய விடியல். மலை மலையாய் அலை. அதன் நடுவே கிளீட்டஸின் படகு ஏறி ஏறி இறங்கியது. அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாடி வளர்ந்திருந்தது. மற்றவர்கள் தளத்தில் சுருண்டு கிடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு படகு முன்னால் போனது. கிளீட்டஸ் அதன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டிருந்தான்.

"முன்னால போறது யாருக்க போட்டு?" என்று கேட்டேன். 

"இது தெரியாதா ஒனக்கு? அருள்சீலனுக்க போட்டுல்லா" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவனுவதான் ரெண்டு நாளு கழிச்சி லட்சத்தீவுல கரை கேறுனானுவளே."

ஏழாம் நிமிடத்தில் கிளீட்டஸ் தலையைத் தூக்கினான். நேராக எங்களைப் பார்த்தான். சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து மற்றவர்களை எழுப்பினான். எல்லோரும் எழுந்தார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். கிளீட்டஸ் பல் தெரியச் சிரித்தான், கையை ஆட்டினான். பிறகு கண்ணைச் சுருக்கி, தாடையை உயர்த்தி, சக்கரத்தைத் திருப்பினான். அருள்சீலனின் படகு ஒரு பக்கமாகவும் இவர்கள் படகு எங்கள் பக்கமாகவும் விலகின. பக்கவாட்டில் அலை வாங்கியதும் படகு சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை.

பார்த்திபன் சார் என்னைப் பார்த்தார். அவர் இதை எத்தனையோ முறை பார்த்திருப்பார். முகம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பார். முன்னால் போன படகு பிழைத்த படகு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இப்போது புரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்ணும் பேசாண்டாம் சார். எழும்பிப் போயிருங்க" என்றேன். ஏழு வருடத்துக்கு முன்னால் அந்தக் கடலில் வேறு எந்த விளக்கும் இல்லை. கரைக்குப் போய்க்கொண்டிருந்த என் அண்ணனை நாங்கள்தான் கூப்பிட்டோம். தேதியும் நேரமும் இடமும் கொடுத்தவள் நான். பார்த்திபன் சார் வாசலுக்கு வெளியே மணலில் போய் உட்கார்ந்து தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவர் அழுதது எனக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

அம்மா என்னிடம் படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னாள். அவன் சிரிக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். திரையில் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"பயந்து பயந்து செத்திருப்பானோன்னுதான் மக்களே இத்தற நாளும் எனக்கு ஒறக்கமில்ல. பாரு, சிரிச்சிட்டுல்லா போயிருக்கான். கர்த்தர் ஏதோ நல்லதக் காட்டிக் குடுத்திருக்காரு அவனுக்கு." என் தலையைத் தன் பக்கம் இழுத்து முத்தம் கொடுத்தாள். "நீ இல்லன்னா இது எனக்குக் கிட்டியிருக்குமா?"

அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லப்போவதும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளீட்டஸுக்குப் பூசை வைத்தாள். ஏழு வருடத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

செய்தி ஊரெல்லாம் பரவ ஒரு பூசை போதாதா? திங்கள்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஜெசிந்தா நின்றாள். அவள் புருசன் போனது வேறு படகில். அதுவும் வரவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பத்துப் பெண்கள் நின்றார்கள். ஜெசிந்தா கையில் ஒரு காகிதத்தை வைத்திருந்தாள். படகின் பெயர், தேதி, கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசிய நேரம், சொன்ன இடம். எல்லாம் யாரிடமோ கேட்டு அழகாக எழுதி வாங்கியிருந்தாள்.

இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கையைப் பிடித்துத் தனியாக வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஜெசிந்தாக்கா, நல்லாக் கேளு. அந்தச் சன்னல் வழியாப் பாத்தா, அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் தெரியும். கப்பல் வருதுன்னு நெனச்சி அவங்க அதப் பாத்துத் திரும்புவாங்க. எனக்க அண்ணனும் அப்பிடித்தான் போனான். நாங்க பாத்ததுதான் அவனக் கொன்னுது. அம்மைக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரர நாம பாத்தா, நாமளே அவரக் கொன்ன மாதிரி. பாக்காண்டாம்க்கா."

ஜெசிந்தா கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்குப் புரிந்தது. அவள் முட்டாளில்லை. காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாம பாக்கலன்னா அவரு வந்திருவாரா டெல்பின்?"

  அவள் காகிதத்தை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"அப்பம் பாக்கும்போ என்னயும் கூட்டிட்டுப் போ. அவரு யாரப் பாத்துச் சிரிச்சிட்டுப் போனாருன்னு நான் தெரிஞ்சிக்கிடணும்லா."

வாசலில் நின்றிருந்த மற்ற பெண்களை அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் காப்பி போட ஆரம்பித்திருந்தாள்.